மூட மறுத்த மடக்குக் கத்தி

செபாஸ்டியன் கையிலிருந்த மடக்குக் கத்தி முழுசாக விரிந்து நின்றது. கத்தி, ரம்பம், கத்தரிக்கோல், ஓப்பனர், திருப்புளி, எதற்கென்று அவருக்கே தெரியாத ஒரு கொக்கி. திறக்கும்போது எல்லாம் அழகாக வந்தன. மூடத்தான் மறுத்தன.

"தெறந்தது பாத்தாச்சு. மூடிக் காட்டுங்க," என்றார் எதிரே நின்ற வெள்ளைச் சட்டைக்காரர்.

சரக்கு வந்த பிறகு வாய்த்த முதல் கிராக்கி அவர். விருத்தாசலத்தில் முன்பெல்லாம் கொய்யா நறுக்கவும் சணல் அறுக்கவும் ஒற்றைக் கத்தியே போதும். செல்போனில் டார்ச்சும் ரேடியோவும் வந்தபின், கத்தியில் வெறும் கத்தி மட்டும் இருந்தால் ஜனங்களுக்கு ஏமாந்த மாதிரி இருந்தது. துபாயிலிருந்து வந்தவர்கள் இந்த மாதிரிக் கத்தியை இடுப்பில் தொங்கவிட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, செபாஸ்டியன் பழைய கத்திகளை அடிமாட்டு விலைக்குத் தள்ளினார். சென்னைக்குப் போய் ஒரு பெட்டி சைனா கத்தி எடுத்துவந்தார்.

"ஓடுற சரக்கத் தள்ளிட்டு, ஓடுமான்னு தெரியாதத வாங்கியாறீங்க," என்று மனைவி அருள்மேரி அன்றே சொன்னாள். இன்று கல்லாவில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

"புதுசு இல்லீங்களா, கொஞ்சம் டைட்டா இருக்குது," என்று செபாஸ்டியன் அழுத்தினார். ரம்பம் உள்ளே போனது. அதுவரை யாரும் பார்த்திராத ஓர் ஊசி மறுபக்கம் வெளியே வந்து கட்டைவிரலில் குத்தியது.

"வலிக்குதுங்களா?"

"இல்லீங்க. தோலு தைக்கிற ஊசி. இதுக்கும் சேத்துதான் வெல."

அருள்மேரி கத்தியின் இடுக்கில் தேங்காய் எண்ணெய் விட்டாள். அதன்பிறகு கத்தியைப் பிடிக்கவே முடியவில்லை. நெம்புவதற்காகப் பெட்டியிலிருந்து இன்னொரு கத்தியை எடுத்துத் திருப்புளியை இழுத்தார். அதுவும் குடும்பத்தோடு விரிந்துகொண்டது.

வெள்ளைச் சட்டைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "எந்தப் பக்கம் நெம்புனீங்க? இன்னொரு தபா செய்யுங்க."

இப்படியொரு பொறுமைசாலியை விட்டுவிடக் கூடாது என்று செபாஸ்டியனுக்கு வைராக்கியம் வந்தது. கைக்கு எட்டிய பீங்கான் ஊறுகாய் ஜாடியால் ஓங்கித் தட்டினார். ஜாடி உடைந்தது. ஊறுகாய்க்கு நடுவில் இரண்டு கத்திகளும் விரிந்தபடியே கிடந்தன.

"உங்கள இவ்ளோ நேரம் நிக்க வச்சிட்டேன்," என்றார் செபாஸ்டியன், குரல் இறங்கி. "பாதி வெலைக்கு எடுத்துக்குங்க."

"வேணாங்க," என்று அவர் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். "மங்கலம்பேட்டையில நானும் கடைதான் வச்சிருக்கேன், இதே கத்தி ரெண்டு பொட்டி எடுத்துட்டேன், எப்படி மூடுறதுன்னு பாத்துட்டுப் போவத்தான் வந்தேன்."