ஹார்க்கர் வீட்டுக்குப் போட்ட திரை

மனிதரின் அந்தரங்கம் முழுப் பாதுகாப்போடு வாழும் இடம் இந்தப் பூமியில் ஒன்றே ஒன்றுதான். அது ஜெர்மனியில், ஹம்பேர்க்கின் பழைய வரைபடக் காப்பகம். அங்கே வேலை செய்யும் பாக்கியம் சந்திரகாந்திக்கு வாய்த்திருந்தது.

காப்பகத்தின் வாசலில் அவளுடைய ஆளுயரப் படம் தொங்கியது. பெயர், பிறந்த ஊர், வந்த வருடம், கீழே 'முன்பு அகதி, இன்று எம்மில் ஒருவர்' என்ற பொன்மொழி. அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தமிழ்க் கடையில் முருங்கைக்காய் வாங்கப் போனாலும் “போஸ்டர் அக்கா வாறா” என்கிறார்கள். வெட்கமும் ஆத்திரமும் பற்றிக்கொண்டு வரும். கழற்றச் சொல்லி மூன்று விண்ணப்பம் கொடுத்துவிட்டாள்.

“ஏலாது அக்கா,” என்றான் மதிசுதன். ஹம்பேர்க்கிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை, காப்பகத்தின் 'தரவுப் பாதுகாப்பு அதிகாரி'. “இங்க பதினெட்டு லட்சம் சனம். உங்களை ஆர் அடையாளம் பிடிக்கப் போயினம்?”

அவளுடைய வேலை, அமெரிக்க மேற்கின் மாட்டுப் பண்ணைப் பிரதேசத்தை நூற்று முப்பது வருடங்களுக்கு முன் அளந்து வரைந்த படங்களை இணையத்தில் ஏற்றுவது. எங்கும் பாறையும் பள்ளத்தாக்கும். தாளுக்கு ஒரு வீடு தேறினால் பெரிய காரியம். முதல் தாளில் 'ஹார்க்கர் பண்ணை'.

மதிசுதன் பதறிப்போனான்.

“நூறு வீடெண்டால் பரவாயில்லை அக்கா. ஒரு வீடெண்டால் ஆரெண்டு தெரிஞ்சிடும். ஹார்க்கரிட்டைச் சம்மதக் கடிதம் வாங்கினீங்களோ?”

“தம்பி, அந்த மனுசன் செத்து எத்தினை காலம்.”

“அப்ப சம்மதம் இல்லை. மறையுங்கோ.”

வீட்டை மங்கலாக்கினார்கள். பாதை வீட்டைக் காட்டிக்கொடுத்தது, பாதையும் போனது. பிறகு கிணறு, மாட்டுப் பட்டி, ஹார்க்கரின் பெயரைச் சுமந்த பாவத்துக்காக ஒரு மலை. இரண்டு மணி நேரக் கூட்டத்தின் முடிவில் ஒரு வெள்ளைத் தாள் ஏகமனதாக அங்கீகரிக்கப்பட்டது. காப்பகத் தலைவர் பீலிக்ஸ் எழுந்து நின்று கைதட்டினார்.

சந்திரகாந்திக்குச் சட்டென்று மூளையில் பொறி தட்டியது. அன்றே நாலாவது விண்ணப்பத்தை நீட்டினாள்.

“தம்பி, இந்தக் கட்டிடத்திலை அகதியா வந்தது நான் ஒராள்தான். ஹார்க்கருக்கு ஒரு ஞாயம், எனக்கு ஒரு ஞாயமோ?”

மதிசுதனின் முகம் வெளிறியது. “ஓம் அக்கா. பெரிய பிழை விட்டிட்டம்.”

அன்று வீடு போகும்வரை அவளுக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

மறுநாள் காலை வாசலில் போஸ்டர் அப்படியே தொங்கியது. முகம் மங்கல். பெயர், ஊர், வருடம் எல்லாம் மங்கல். நடுவில் ஒரு சொல் மட்டும் பளிச்சென்று நின்றது: 'அகதி'.

“இதென்ன தம்பி?”

“'முன்பு' காலத்தைக் காட்டுது, 'இன்று எம்மில் ஒருவர்' வேலையிடத்தைக் காட்டுது. ரெண்டையும் மறைச்சிட்டம்,” என்றான் மதிசுதன் பெருமையோடு. “மிச்சச் சொல்லிலை ஆளே இல்லையே அக்கா.”