துணைகளை அணைத்த படலம்

இயந்திரங்கள் பழுதாவது உலகத்துக்குப் புதிதன்று. ஆயினும் ஓர் இயந்திரம் தயங்கியதற்காகத் தன் அலுவல்கள் அனைத்தையும் நிறுத்திவைத்து ஆராய்ந்த பெருமை நகர நீரூற்று வாரியம் ஒன்றுக்கே உரியது. நிறுத்திவைக்க அங்கே அலுவல் ஏது என்று சிலர் கேட்கக்கூடும். கேட்பவர்கள் நகரத்தின் நீரூற்றுகளைப் பார்த்தவர்கள். அவற்றில் நீரைப் பார்க்காதவர்கள். நுண்ணிய பணிகள் ஊனக்கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

வாரியத்துக்குத் தலைவர் ஒருவர், துணைத்தலைவர்கள் மூவர். அத்தனை நீளத்துக்கு நாக்கை வருத்துவானேன் என்று எல்லாரும் அவர்களை முதல் துணை, இரண்டாம் துணை, மூன்றாம் துணை என்றே அழைத்தனர். தலைவர் சொல்வதை முதல் துணை ஆமோதிப்பார். அந்த ஆமோதிப்பை இரண்டாம் துணை வழிமொழிவார். மூன்றாம் துணைக்கு மிஞ்சியது தலையாட்டல். கழுத்துவலி வந்த நாளிலும் அவர் அந்தக் கைங்கரியத்தில் குறை வைத்ததில்லை.

தலைவரின் புதிய காருக்குப் பாதாதிகேசம் பாடலாம். சக்கரந்தோறும் நீல விளக்கு. முன்னே ஓர் ஏசி, பின்னே ஓர் ஏசி. முதுகு பிடித்துவிடும் இருக்கை. பழச்சாறு குளிர்விக்கும் பெட்டி. கதவுக்கு இரண்டாக ஒலிபெருக்கிகள். கூரைக்குள் நட்சத்திரங்கள், கூரைமேல் சுழல்விளக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் எதிரே, வாரியத்தின் சின்னமாக, மின்சாரத்தில் இயங்கும் சிறு நீரூற்று. நகரத்தில் நீர் பொங்கிய நீரூற்று அது ஒன்றே.

இத்தகைய வண்டிதான் ஒரு காலைப்பொழுதில், சிக்னலில் பச்சை விழுந்தபின், தயங்கியது. ஓட்டுநர் மிதித்தார். இயந்திரம் ஒருமுறை கனைத்தது, யோசித்தது, பெருமூச்சு விட்டது. அந்த இடைவெளியில் தெருவிளக்கு வாரியத் தலைவரின் பழைய கார் வலப்பக்கமாக முந்திப் போயிற்று. போகிற போக்கில் அவர் கையை வேறு ஆட்டினார்.

தலைவர் அலுவலகம் வந்ததும் மூன்று துணைகளையும் அழைத்தார்.

“சாயங்காலத்துக்குள்ள காரணம் தெரிஞ்சாகணும். வண்டி நானே பார்த்துப் பார்த்து வாங்கினது. அதுல குறை இருக்காது. அப்போ குறை எங்க இருக்கும்?”

“வண்டியில இல்லாத இடத்துல, ஐயா” என்றார் முதல் துணை.

“அங்கேயேதான், ஐயா” என்றார் இரண்டாம் துணை.

“அப்படின்னா ஓட்டுறவன்கிட்ட. ஆராய்ஞ்சு அதை உறுதிப்படுத்துங்க. நாளைக்கு வேற ஆள் வரட்டும்.”

மூன்றாம் துணையின் தலை, வரலாற்றிலேயே முதன்முறையாக, பாதி ஆட்டத்தில் நின்றது. ஏனெனில் அந்த ஓட்டுநர் அவருடைய அக்காளின் கணவர். வேலையின்றி வீட்டுக் கூடத்தையே நெடுங்காலம் சுற்றிவந்தவரை, உறவை வெளியே சொல்லாமல், இவரே இங்கே சேர்த்துவிட்டிருந்தார். “உன்னை நம்பித்தான்டா தம்பி அவரை அனுப்புறேன்” என்று அக்காள் சொன்னது இன்னும் காதில் ஈரமாக இருந்தது. அலுவலகத்தில் இவர் அவரை “டிரைவர்” என்பார். அவர் இவரை “சார்” என்பார். தூணுக்குப் பின்னால் மட்டும் உறவு துளிர்க்கும்.

அன்றும் கார் நிறுத்துமிடத்துத் தூணுக்குப் பின்னால் போய்க் கேட்டார்: “அத்தான், வண்டிக்கு என்னதான் ஆச்சு?”

“டீசல்ல தண்ணி கலந்திருக்கு மாப்ளே. ஊத்துல வர வேண்டிய தண்ணியெல்லாம் வேற எங்கதான் போகும்?”

“விளையாடாதீங்க. உங்க வேலைக்கே உலை வைக்கிறாங்க.”

ஓட்டுநரின் முகம் சுண்டிப்போயிற்று. “ஐயையோ! உங்க அக்காவுக்குத் தெரிஞ்சா உசிரையே விட்டுடுவா. நீ இருக்கே இல்ல, மாப்ளே? பார்த்துக்க.”

இதற்கிடையில் முதல் துணை பணிமனைக்குத் தொலைபேசினார். மெக்கானிக் சுருக்கமாகச் சொன்னார்: “ஆக்சசரி லோடு ஜாஸ்தி சார். எல்லாம் சேர்ந்து இன்ஜினை அமுக்குது. ஒண்ணொண்ணா ஆஃப் பண்ணிப் பாருங்க, தெரிஞ்சிடும்.”

தலைவரின் செவியில், அவரே சொன்னாலன்றி, வேற்றுமொழிச் சொல் விழலாகாது என்பது வாரியத்தின் விரதம். முதல் துணை அந்த வாக்கியத்தைப் படி ஏறும்போதே தமிழாக்கிக்கொண்டார். ஆக்சசரி துணை ஆயிற்று. லோடு சுமை ஆயிற்று. ஆஃப் பண்ணுவது அணைப்பது ஆயிற்று. தலைவர் முன் நின்று அவர் கணீரென்று அறிவித்தார்:

“ஐயா, பணிமனைக்காரர் சொல்கிறார்: துணைகளால் சுமை மிகுதி. துணைகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்க வேண்டுமாம்.”

தலைவரின் கண்கள் பனித்தன.

“ஏன்யா, உங்களுக்கு இவ்ளோ சுமையா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? துணைகளை நான் அணைக்கிறதில்லைன்னு ஒரு மெக்கானிக் சொல்லியா நான் தெரிஞ்சிக்கணும்?”

எழுந்துவந்து முதல் துணையை ஆரத் தழுவினார். முதல் துணைக்குப் பிழை புரிந்தது. ஆனால் தலைவரின் மார்பில் முகம் புதைந்திருக்கையில் பிழைதிருத்தம் செய்வது மரபன்று. இரண்டாம் துணை, முறை வருமுன்னே கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மூன்றாம் துணைக்குக் கிடைத்தது மீதமிருந்த அணைப்பு. அதிலும் பாதி, தலைவரின் அலுவலக உறக்கத்துத் தலையணை வாசம்.

“இனிமே உங்களை அணைச்சிக்கிட்டுத்தான் எங்கயும் போவேன். ஏறுங்க வண்டியில!”

சுமையைக் குறைக்கும் சோதனை இவ்வாறு மூன்று ஆட்களின் கூடுதல் சுமையோடு தொடங்கிற்று. பின்னிருக்கையில் தலைவருக்கு இருபுறமும் இரு துணைகள், தழுவிய நிலையில். முன்னே நீரூற்றின் எதிரே மூன்றாம் துணை. எல்லா விளக்குகளும் எரிந்தன; எல்லா ஒலிபெருக்கிகளும் முழங்கின. கீழ்த்தளத்திலிருந்து தெருவுக்கு ஏறும் சரிவில் ஓட்டுநர் மிதித்தார். கூரையின் நட்சத்திரங்கள் மங்கின. நீரூற்று படுத்துவிட்டது. இயந்திரம் முக்கியது, முனகியது, நின்றுவிடுவேன் என்று நடுங்கியது.

“டிரைவர், மிதிய்யா!”

“மிதிக்கிறேங்க ஐயா!”

“மிதிக்கிறவன் இப்படியா மிதிப்பான்? உனக்குக் கால் இருக்கா இல்லையா?”

மூன்றாம் துணை மூடரல்லர். விளக்கு மங்குவதையும் வண்டி முக்குவதையும் அவர் மனம் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டது. மடி வேறு நனைந்திருந்தது. ஒருவரும் பாராமல் கையை நீட்டி நீரூற்றை நிறுத்தினார். பின்பக்க ஏசியை நிறுத்தினார். முதுகுபிடி, குளிர்பெட்டி, சுழல்விளக்கு என்று விரலுக்கு எட்டிய பொத்தான்களையெல்லாம் அமுக்கினார்.

வண்டி, கட்டவிழ்ந்த காளையென, சரிவில் பாய்ந்து ஏறித் தெருவில் குதித்தது.

“பார்த்தீங்களா!” என்று தலைவர் முழங்கினார். “துணைகளை அணைச்சதும் எப்படிப் பறக்குது!”

“அணைப்பின் ஆற்றல், ஐயா” என்றார் முதல் துணை, அக்குளுக்குள்ளிருந்து.

“அதே ஆற்றல்தான், ஐயா” என்றது மற்றோர் அக்குள்.

இந்தப் பேரின்பம் அடுத்த திருப்பம் வரை நீடித்தது. அப்புறம் தலைவரின் நெற்றியில் வியர்வை அரும்பிற்று. முதுகில் அசைவு இல்லை. முகம் மாறிற்று.

“யார்யா ஏசியை நிறுத்தினது?”

ஓட்டுநர் திரும்பி மூன்றாம் துணையைப் பார்த்தார். மூன்றாம் துணை சாலையோர மரங்களைப் பார்த்தார். இயற்கையின்பால் அவருக்கு அவ்வளவு ஈடுபாடு உண்டு என்பது அன்றுதான் தெரியவந்தது.

“உன்னைத்தான் கேக்குறேன். நீயா?”

ஓட்டுநர் சாலைப்பக்கம் திரும்பிக்கொண்டார். “ஆமாங்க ஐயா. தெரியாம கை பட்டுடுச்சு.”

மாலையில் ஆய்வுக்குழு கூடிற்று. முதல் துணை முடிவை வாசித்தார்: “இயந்திரம் குற்றமற்றது. தயக்கம் ஓட்டுநரின் வலது காலில் தோன்றி, வண்டிக்குப் பரவியுள்ளது. மேலும் அவர், தலைவரின் முதுகுக்கு ஆற்றிவந்த சேவையைத் தன்னிச்சையாக நிறுத்தியிருக்கிறார். நாளை முதல் அவர் தேவையில்லை.”

இரண்டாம் துணை வழிமொழிந்தார். காகிதம் நகர்ந்து மூன்றாம் துணையிடம் வந்தது.

“என்ன யோசனை?” என்று முதல் துணை மெல்லக் கேட்டார். “பொத்தான் வரிசை உங்க பக்கந்தானே இருந்துச்சு? அதையும் ஆராயணும்னா சொல்லுங்க, ஆராய்ஞ்சிடுவோம்.”

“சேச்சே, அதெல்லாம் எதுக்கு?” என்றார் மூன்றாம் துணை. பேனா அவர் கையில் ஏற்கெனவே திறந்திருந்தது. கையெழுத்து அழகாக விழுந்தது.

கீழே இறங்கியபோது தலைவர் வேறொரு காரில் போய்விட்டிருந்தார். ஓட்டுநர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

“என்ன மாப்ளே, பேசினியா? பிரச்சினை தீர்ந்துச்சா?”

“தீர்ந்திடுச்சு அத்தான்.”

“அப்பாடா! நீ இருக்கும்போது எனக்கென்ன பயம்? நான் வாயைத் திறந்திருந்தா உன் வேலைக்குல்ல கேடு வந்திருக்கும். வா, ஆளுங்க யாருமில்ல, வீட்டுல விட்டுட்டு வரேன். நீயில்லன்னா என் கதை இன்னைக்கே முடிஞ்சிருக்கும்னு உங்க அக்காகிட்டச் சொல்லப் போறேன்.”

மூன்றாம் துணை பின்னிருக்கையில், தலைவரின் இடத்தில், அமர்ந்தார். நாள் முழுதும் உழைத்த களைப்பு.

“புழுக்கமா இருக்கு அத்தான். ஏசி போடுங்க. அப்படியே அந்த முதுகு பிடிக்கிறதையும்.”

ஓட்டுநர் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் போட்டார். சரிவின் அடியில் வண்டி கனைத்தது, நடுங்கியது, ஏறுவதா வேண்டாமா என்று நின்று யோசித்தது.

அன்று அந்த வாரியத்தில் தயங்கியது அது ஒன்றுதான்.