கூரைக்குக் குறுக்கே ஒரு மூங்கில்

ஒரு காட்டில், அருவிக்குப் பக்கத்தில் தங்கும் விடுதி ஒன்று இருந்தது. அதை நடத்தியது மாசிலாமணி என்ற கரடி. வரவேற்பு மேஜையில் மரகதம் என்ற ஆமை இருந்தது. இருபது வருடமாக அதே மேஜை.

ஒருநாள் வௌவால் கல்யாண கோஷ்டி ஒன்று அங்கே அறை எடுத்தது. பகலில் நன்றாகத் தூங்கிவிட்டு, பொழுது சாய்ந்ததும் முகூர்த்தத்துக்குப் போவதாகத் திட்டம். அறையில் மெத்தைதான் இருந்தது. மல்லாந்து படுத்த வௌவால்களுக்குத் தலை சுற்றியது. பகல் முழுக்கக் கண்மூடாத மணப்பெண், தாலி கட்டும் நேரத்தில் மணமேடையிலேயே தூங்கி விழுந்தது.

அறையைக் காலி செய்யும்போது பெண்ணின் அம்மா சண்டை போடவில்லை. "எங்க ஆளுங்க யாரும் இனிமே இங்க வரமாட்டாங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனது.

மரகதத்துக்கு அது மனதில் தைத்துவிட்டது. இரண்டு நாள் யோசித்தது. கூரைக்குக் குறுக்கே ஒரு மூங்கிலைக் கட்டினால் போதும், வௌவால்கள் நிம்மதியாகத் தொங்கும் என்று தோன்றியது. கரடியிடம் போய்ச் சொன்னது.

கரடிக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் போன மாதம்தான் அது விடுதியில் புதுமைப் பிரிவு ஒன்றைத் தொடங்கி, வெளிக்காட்டில் படித்துவிட்டு வந்த நீலமேகம் என்ற நரியை அதிகாரியாக வைத்திருந்தது. இனி எந்த யோசனையானாலும் அங்கேதான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டது.

அங்கே வரிசை நின்றது. மரகதம் அரைநாள் காத்திருந்து படிவத்தை மூன்று பிரதி நிரப்பியது. 'இந்த யோசனை இதற்கு முன் எங்கெங்கே வெற்றி பெற்றது?' என்ற கட்டத்தில், 'எங்கும் இல்லை, புதிது' என்று எழுதியது.

நரி பொறுமையாகப் படித்தது.

"யோசனை நல்லாத்தான் இருக்கு மரகதம்மா. ஆனா இதுவரைக்கும் யாருமே செஞ்சதில்லையே. யாரும் செய்யாததைப் புதுமைன்னு நான் எப்படி ஒத்துக்கறது?"

மரகதம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஒன்பது நாள் நடந்து, மலைக்கு அந்தப் பக்கம் விடுதி வைத்திருந்த காட்டுப்பன்றியிடம் விஷயத்தைச் சொன்னது. காட்டுப்பன்றியிடம் புதுமைப் பிரிவு இல்லை. மூங்கில் இருந்தது. அன்றைக்கே கட்டிவிட்டது.

இரண்டே மாதத்தில் சுற்றியிருந்த ஏழு காடுகளின் வௌவால்களும் அங்கே முன்பதிவு செய்தன. இங்கே பாதி அறைகள் காலி. கலங்கிப்போன கரடி, நேரில் பார்த்துவரச் சொல்லி நரியை அனுப்பியது. நரி பதினோரு நாள் தங்கி, நிறைய படம் எடுத்துக்கொண்டு வந்து, அறுபது பக்க அறிக்கை கொடுத்தது. மறுநாளே எல்லா அறையிலும் மூங்கில் ஏறியது. வௌவால்கள் திரும்பி வந்தன. விழா எடுத்து நரிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மரகதம் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியது.

விழா முடிந்ததும் அது கரடியிடம் போனது.

"ஐயா, யானைங்க குளிக்கிற அறையைப் பத்தி ஒரு யோசனை தோணியிருக்கு. போக ஒன்பது, வர ஒன்பது, பதினெட்டு நாள் லீவு வேணுங்க."

கரடி என்ன யோசனை என்று கேட்கவில்லை. உடனே கையெழுத்துப் போட்டது.

நீதி: நல்ல யோசனை தோன்றினால் முதலில் போட்டிக்காரரிடம் சொல்லுங்கள். சொந்த முதலாளியிடம் அது போய்ச் சேர அதைவிடக் குறுக்குவழி கிடையாது.