தங்கச்சி, இந்த வேலைக்கு வராதே

அன்புமிக்க தங்கைக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் குறைவின்றி இருக்க வேண்டும். என் நலத்தைச் சொல்ல ஒரு தாள் போதாது. படுத்துக்கொண்டே எழுதுவதால் வரிகள் மலை ஏறும், பொறுத்துக்கொள்.

எங்கள் முதியோர் இல்லத்தில் ஆள் எடுக்கிறார்களாமே, நானும் சேரட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். ஏன் என்று கேள்.

இங்கே ஒரு கப்பல்காரர் இருக்கிறார். கப்பலில் வேலை பார்த்தவர், ஆளும் கப்பல்தான். அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற இரண்டு பேர் வேண்டும் என்பது விதி. என்னோடு தூக்க வேண்டியவள் தோள்பட்டை போய் லீவில் இருக்கிறாள். அவளுக்குப் பதிலாக வந்தவள் தூக்கம் போய் லீவில் இருக்கிறாள். தூக்குகிற மெஷின் பழுதாகி ஸ்டோர் ரூமில் நிற்கிறது. அதன் மேல் தரை துடைக்கும் துணி காய்கிறது. மிச்சம் நான். அன்னைக்கு அவரை எழுப்பி நிறுத்தினேன், பாதியிலேயே அவருக்குக் கால் மடங்கிடுச்சு. "விட்டுடாதேம்மா"ன்னு கழுத்தைக் கட்டிக்கிட்டார். விட முடியுமா? முதுகுல ஏதோ படக்குன்னுச்சு. யாராவது வாங்கன்னு கத்துறேன், பக்கத்து ரூம் டீச்சரம்மா, பாவம் ஞாபகம் போனவங்க, "வகுப்புல யாரது சத்தம் போடுறது?"ன்னு என்னை அதட்டுறாங்க. கடைசியில சமையல்காரர் கரண்டியோட ஓடி வந்தார்.

அப்புறமும் வலியோடவே வேலைக்குப் போனேன். நான் போகலைன்னா அவரை யார் குளிப்பாட்டுவா? ஒருநாள் வீட்டுல, உன் அத்தான் கழட்டிப் போட்ட சாக்ஸை எடுக்கக் குனிஞ்சேன். குனிஞ்சவ குனிஞ்சவதான். மேனேஜரம்மாவுக்குப் போன் பண்ணினா, "சாக்ஸ் எடுக்கும்போதுதானே பிடிச்சுது? அது வேலையில பட்டது இல்லையே"ங்கிறாங்க. இத்தனை வருஷம் மனுஷங்களைத் தூக்கினதுல ஒண்ணும் ஆகலையாம், ஒத்தை சாக்ஸ்தான் என்னைக் கவுத்துச்சாம்!

டாக்டர் ரெஸ்ட் எடுக்கச் சொன்னார். அது உன் அத்தான் காதுல எப்படி விழுந்துச்சோ, மறுநாளே கொழுந்தன் வீட்டிலிருந்து மாமியாரைக் கூட்டிட்டு வந்துட்டார். "நீதான் வீட்ல சும்மா இருக்கியே, உனக்குப் பழகின வேலைதானே"ங்கிறார். இடுப்புல பெல்ட்டைக் கட்டிக்கிட்டு அவங்களைத் தூக்கி உட்கார வைக்கிறேன். இல்லத்துலயாவது ஷிஃப்ட்னு ஒண்ணு முடியும். நேத்து டாக்டர், "இன்னும் ஏன் குணமாகல? வீட்ல ஏதும் மனக்கஷ்டமா?"ன்னு கேட்டார். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள உன் அத்தான், "ராணி மாதிரி இருக்கா டாக்டர்"ங்கிறார். சிரிச்சா வலிக்குமேன்னு அழுதேன். அழுதாலும் வலிக்குதுடி.

ஆகவே தங்கச்சி, கடை வேலைக்குப் போ, தையல் வேலைக்குப் போ. இங்கே மட்டும் வராதே. உனக்கு இருப்பது ஒரே முதுகு. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். குழந்தைகளுக்கு என் முத்தங்கள். என்றும் நிமிர்ந்து நடந்து, நூறாண்டு நல்லா இரு.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: கவரை ஒட்டும்போது மேனேஜரம்மா போன் பண்ணினாங்க. எனக்குப் பதிலா புதுசா வந்த பொண்ணும் தனியாத் தூக்கப் போய்ப் படுத்துட்டாளாம். கப்பல்காரர் கட்டிலை விட்டே இறங்கலையாம், முதுகெல்லாம் புண்ணாம், சாப்பிடவும் மாட்டேங்கிறாராம். "நானும் என் தங்கச்சியும் சேர்ந்து வரட்டுமா?"ன்னு வாய் தவறிக் கேட்டுட்டேன். திங்கட்கிழமை கிளம்பி வா. குனியாதே, முழங்காலை மடக்கித் தூக்கணும். தலைப்பக்கம் நான் பிடிக்கிறேன்.