நாற்பத்திரண்டு வருகை, ஏழு பேர்

அன்பும் மரியாதையும் நிறைந்த சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே உங்கள் மகனும் என் மகளும் நம் பேத்தியும் சௌக்கியம். என் முழங்கால் மட்டும் சௌக்கியமாக இல்லை. அதற்கு நீங்கள்தான் காரணம் என்பதைக் கீழே பணிவோடு விளக்குகிறேன். சம்பந்தியம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததாக மகள் சொன்னாள், சந்தோஷம். இந்தக் கடிதத்தை அவர்களிடம் கொடுக்க வேண்டாம், நீளமானது.

மூன்று மாதத்துக்கு முன்பு தேசியப் பூங்காத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒரு நாளைக்கு நாற்பது வருகைகூட இல்லாத பகுதிகள் பூங்காவிலிருந்து நீக்கப்படும், மேற்குப் பகுதி நீக்கப்பட்டால் அதன் நடுவே கல் குவாரிக்கு ரோடு போடப்படும் என்று அதில் இருந்தது. அடியில் கண்காணிப்பாளர் என்ற முறையில் உங்கள் கையெழுத்து. கையெழுத்தைக் குறை சொல்ல முடியாது, அவ்வளவு அழகு. ஆனால் அந்த மேற்கு வாசலில் காவலராக நிற்பது நீங்கள் பெற்ற பிள்ளை என்பது கையெழுத்துப் போடும்போது நினைவுக்கு வந்ததா என்று மட்டும் கேட்டுவைக்கிறேன். கேட்க எனக்கு உரிமை இருக்கிறது. பத்து நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று மாப்பிள்ளையின் குவார்ட்டர்ஸுக்கு வந்து ஒன்றரை வருடமாக இருப்பவன் நான்.

மேற்கு வாசலுக்கு நல்ல நாளில் ஐந்து பேர் வருவார்கள். அதில் ஒருவர் வழி கேட்க வந்தவராக இருப்பார். மாப்பிள்ளை சுற்றறிக்கையைப் படித்தார், அறிவிப்புப் பலகையில் குத்தினார், ஏரிக்கரையில் கிடந்த பாட்டில்களைப் பொறுக்கப் போய்விட்டார். அவர் பேச்சில் எவ்வளவு சிக்கனம் என்று உங்களுக்குத் தெரியும். என் மகள்தான் அடுப்படியில் வைத்துச் சொன்னாள்: "ரெண்டு நாளா தட்டுல வச்சது அப்படியே இருக்குப்பா. அந்த ஏரி போச்சுன்னா இவரு என்ன ஆவாருன்னே தெரியல." இரண்டு வருடமாக மழை ஏமாற்றியதில் ஏரி பாதியாகிவிட்டது. மிச்சத் தண்ணீர் கிழக்குக் கரையை ஒட்டித்தான் நிற்கிறது. அங்கே ஒரு மரத்தின் வேருக்கு அடியில் ஒரு நீர்நாய்க் குடும்பம், மூன்று குட்டிகளோடு. ரோடு வந்தால் அதுகளுக்குப் போக வேறு இடம் கிடையாது.

நான் பஸ் டிப்போவில் முப்பத்தைந்து வருடம் நேரக்காப்பாளராக இருந்தவன். சுற்றறிக்கையை நான்கு முறை படித்ததில் ஒன்று தெரிந்தது. நாற்பது ஆட்கள் என்று அதில் எங்கேயும் இல்லை, நாற்பது வருகை என்றுதான் இருக்கிறது. ஒரு பஸ் ஆறு ட்ரிப் அடித்தால் ஆறு ட்ரிப்தானே. காலையில் என்னோடு நடக்க வருகிறவர்கள் ஆறு பேர், என்னைச் சேர்த்தால் ஏழு. ஏழு பேர் ஆளுக்கு ஆறு தடவை போனால் நாற்பத்திரண்டு. மாப்பிள்ளையிடம் போய் இது விதிக்கு உட்பட்டதா என்று கேட்டேன். விதிப் புத்தகத்தை எடுத்து, விரலை வைத்து ஒரு முறை படித்துவிட்டு, "உட்பட்டதுதான் மாமா" என்றார். அன்று இரவு தட்டு காலியாக இருந்ததாம்.

அன்று தொடங்கியதுதான் என் முழங்கால் வலி. யார் எத்தனை மணிக்கு உள்ளே, எத்தனை மணிக்கு வெளியே என்று பட்டியல் போட்டுக் கொடுத்தேன். கரைப்பக்கம் போகாமல் மூங்கில் பாதையில் சுற்றி வருவது என்று ஏற்பாடு. ஆனால் உள்ளே போகும் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு முறையும் காவலர் பத்து நிமிடம் அறிவுரை சொல்ல வேண்டும் என்பதும் விதியாம். கத்தக் கூடாது, பறிக்கக் கூடாது, தீனி போடக் கூடாது, பாட்டிலை நீல வாளியில் போட்டுவிட்டுப் போக வேண்டும். உங்கள் மகன் ஒரு வார்த்தையும் விடாமல் ஒவ்வொரு முறையும் சொன்னார். ஒருநாள் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டபோது, எங்கள் ஏழு பேரில் ஒருவரான, கோர்ட்டில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள் பக்கத்தில் நின்று மிச்சத்தைச் சொல்லி முடித்தார்.

இரண்டாம் வாரம் ஒரு நாள், ஐந்தாவது சுற்றில் பாதை மாறிக் கரைப்பக்கம் போய்விட்டேன். தாய் நீர்நாய் ஒரு மீனைக் குட்டிகளின் முன்னால் உயிரோடு விட்டுவிட்டு, நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள் என்பதுபோல் தள்ளிப் போய் உட்கார்ந்தது. மூன்றும் மீனை விட்டுவிட்டு ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. நான் அங்கேயே நின்றுவிட்டேன். என்னுடைய அட்டவணையில் ஒரு ட்ரிப் தவறியது சர்வீஸிலேயே அதுதான் முதல் தடவை. மாப்பிள்ளையை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்களே, மகளும் போய்விடுவாளே என்ற கவலையில்தான் இதில் இறங்கினேன் சம்பந்தி. அன்றைக்குப் பிறகு அந்தக் குட்டிகளுக்காக நடந்தேன். இதை உங்களிடம் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

இனிதான் வினை. வாசல் அறையில் கயிறு கட்டிய பேனாவோடு ஒரு கருத்துப் பதிவேடு இருக்கிறது. நாற்பத்திரண்டு இடத்தில் "நன்று" என்று இருந்தால் தலைமை அலுவலகம் சந்தேகப்படாதா? ஆகவே நிஜமான பார்வையாளர் எழுதுவதுபோல் எழுதுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தேன். எங்களோடு நடக்கிற பல் டாக்டர், நிஜமான ஜனங்கள் குறை மட்டும்தான் சொல்வார்கள், நாற்பது வருட அனுபவம் என்றார். அதுவும் சரிதான் என்று பட்டது. டாக்டர், தின்பண்டக் கடை இல்லை என்று எழுதினார். தட்டச்சு அம்மாள், விலங்குகள் குறித்த நேரத்தில் வருவதில்லை, ஒலிபெருக்கியில் முன்கூட்டியே அறிவிக்கலாம் என்று எழுதினார். எங்கள் கூட்டத்துப் பேக்கரிக்காரர், மரங்கள் காட்சியை மறைக்கின்றன என்று எழுதினார். நான், கிழக்குக் கரையில் உயரமாக ஏதாவது இருந்தால் உட்கார்ந்து பார்க்க வசதியாயிருக்கும் என்று எழுதினேன். முழங்கால் எழுத வைத்தது.

போன திங்கட்கிழமை ஒரு நில அளவையாளர் வந்தார். பொதுமக்களின் பெருத்த கோரிக்கையை ஏற்று மேற்குப் பகுதிக்கு ஒரு தின்பண்டக் கடை, ஒலிபெருக்கி, கிழக்குக் கரையில் ஒரு காட்சிக் கோபுரம், காட்சியை மறைக்கும் பதினோரு மரங்களை அகற்றுதல், எல்லாவற்றுக்கும் உத்தரவு தயாராகிறதாம். மரங்களில் சிவப்புப் பெயின்டில் எண் போட்டார். ஏழாம் எண் மரத்தின் வேரில்தான் நீர்நாய் இருக்கிறது. மாப்பிள்ளை பக்கத்தில் நின்று பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துவிட்டு என்னால் சாப்பிட முடியவில்லை.

ஆகவே சம்பந்தி, வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். அந்தப் பெருத்த பொதுமக்கள் நாங்கள் ஏழு பேர்தான். ஆனால் இதை நீங்கள் வெளியே சொன்னால் வருகைக் கணக்கு செல்லாது, ரோடு வந்துவிடும். சொல்லாவிட்டால் கோபுரம் வந்துவிடும். எங்கள் வருகையை வைத்துக்கொண்டு எங்கள் குறைகளை மட்டும் காணாமல் போக்க உங்கள் அலுவலகத்தில் ஏதாவது வழி இருக்கும். அலுவலகங்களில் எத்தனையோ காகிதம் காணாமல் போகிறது, இதையும் போக்க மாட்டீர்களா?

உங்களுக்கும் சம்பந்தியம்மாவுக்கும் ஆயுளும் ஆரோக்கியமும் குறைவில்லாமல் கிடைக்கட்டும். பேத்தி உங்களுக்கு அனுப்பிய முத்தத்தை இந்த வரியில் வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பதிலை எதிர்பார்த்து ஒரு காலில் நிற்கும்
சம்பந்தி

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். தபாலில் போடச் சொல்லி மாப்பிள்ளையிடம் கொடுத்தபோது, பிழை இருந்தால் பாருங்கள் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். நின்றபடியே முழுவதும் படித்தார். "மாமா, ரோடு போடறதை அப்பவே கைவிட்டுட்டாங்க. மண்ணு சேறா இருக்காம், லாரி நிக்காதாம். அப்பா போன்ல சொல்லி மூணு வாரம் ஆச்சு" என்றார். ஆக, நாங்கள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் ஏரிக்கு ஒரு ஆபத்தும் வந்திருக்காது. மரத்தில் சிவப்பு எண் விழுந்தது எங்களால்தான். "மரம் வெட்டுற உத்தரவு அப்பா மேஜையிலயேதான் இருக்கு. கையெழுத்துப் போடல. கல்யாணப் பேச்சு நடந்தப்ப நீங்க எழுதின கடிதமெல்லாம் அவர்கிட்ட இருக்கு, உங்க எழுத்து அவருக்கு நல்லாத் தெரியும். எழுதினவங்களே வந்து வேண்டாம்னு எழுதட்டும்னு காத்திருக்காரு" என்றார். உங்களை என்னென்னவோ நினைத்துவிட்டேன், மன்னிக்க வேண்டும். நாளைக் காலை ஏழு பேரும் போய், அதே பதிவேட்டில் ஒரு குறையும் இல்லை, மரங்கள் இருக்கிற இடத்தில் இருக்கட்டும் என்று எழுதிவிடுகிறோம். மூன்று வாரமாகத் தெரிந்தும் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று மாப்பிள்ளையைக் கேட்டேன். நீல வாளியை எடுத்து இந்தப் பக்கம் வைத்தார், மறுபடி அந்தப் பக்கம் வைத்தார். பிறகு, "எழுதினதுக்கு அப்புறமும் வருவீங்கல்ல மாமா?" என்றார். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் உங்கள் மகன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான் சம்பந்தி. வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.