சொதிச் சட்டியோடு மலையேறிய கதை

ஒக்லாந்து நகரத்தின் தென்புறத்து மங்கரேயில் முருங்கைக் கன்றை முதன்முதலில் குளிர்காலம் தாண்ட வைத்தவன் நான். தொழிற்சாலையில் கழித்துப்போட்ட கண்ணாடி யன்னல்களைப் பொறுக்கி, வீட்டுக்குப் பின்னால் கூடாரம் கட்டி, அதற்குள் வைத்துக் குழந்தைப் பிள்ளை மாதிரிப் பார்த்தேன். எங்கள் ஆட்களின் முதல் கலியாணச் சமையலுக்கு மூன்று அடுப்புகளை வெல்ட் பண்ணிக் கொடுத்தவனும் நான்தான். பக்கத்தில் விரி என்ற இடத்தில் கதவு செய்யும் தொழிற்சாலைக்குள் கூட்டுமாறோடு போய் ஃபோர்மனாக வெளியே வந்தேன். காரை நிறுத்தக் கட்டிய கராஜை வீடாக்கி, நாட்டை விட்டு ஓடி வந்த மூன்று குடும்பங்களை அதில் ஒன்றன்பின் ஒன்றாகக் குடிவைத்தேன். இதையெல்லாம் செய்தது ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், கையில் நாலைந்து இங்கிலிஷ் சொற்களை வைத்துக்கொண்டு.

ஆனால் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தால் என் மனைவி பவளம் இதில் ஒன்றையும் சொல்லமாட்டாள். தேத்தண்ணி ஆறுவதற்குள் சொதிக் கதையைத் தொடங்கிவிடுவாள். அவள் சொல்கிற கதையில் பிழைகள் இருப்பதால் (அவளுக்கு என் பக்கம் எப்போதுமே மறந்துபோகும்) நானே எழுத வேண்டியதாயிற்று.

எண்பதுகளின் நடுப்பகுதி. நாங்கள் ஒக்லாந்துக்கு வந்து ஒரு வருடமாகியிருக்கவில்லை. புதிதாக வந்தவர்களுக்கு மங்கரேயில் ஒரு மண்டபத்தில் இங்கிலிஷ் வகுப்பு நடந்தது. சொல்லிக் கொடுத்தவர் ஜோன் என்ற வெள்ளைக்கார அம்மா. ஒல்லியான ஆள், வயது அறுபதுக்குக் கிட்ட, முயல் மாதிரி நடப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு மலைகளில் நடப்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. மாசி மாதத்தில் ஒருநாள், வகுப்பு முழுவதையும் நகரத்துக்குத் தெற்கே ஒரு மலைக்குக் கூட்டிப்போகப் போவதாக அறிவித்தார். மலை உச்சியில் ஒரு புத்த மடாலயம். அங்கே நான்கு துறவிகள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோவது எங்கள் வகுப்பின் முறை, சமைக்கும் பொறுப்பு எங்கள் வீட்டுக்கு.

"அவர்கள் நாளுக்கு ஒருமுறைதான் சாப்பிடுவார்கள். மதியம் தாண்டினால் மறுநாள் காலைவரை தண்ணீர்தான். தாங்களாக எடுத்தும் சாப்பிடக் கூடாது, யாராவது கொடுக்க வேண்டும். ஆகவே நாம் நேரத்துக்குப் போகாவிட்டால் அவர்கள் பட்டினி" என்று ஜோன் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். மதியம் என்றால் என்னவென்று இன்னும் ஏதோ விளக்க வாயெடுத்தார். நான் கையை உயர்த்தினேன். புகையிலைத் தோட்டத்தில் மணிக்கூடே இல்லாமல் சூரியனைப் பார்த்துத் தண்ணி இறைத்தவன் நான், எனக்கு மதியம் சொல்லித் தர வேண்டாம் என்று எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் ஒரு பிரசங்கம் செய்தேன். அதற்குள் வகுப்பு முடிந்துவிட்டது.

இருவரும் வகுப்பால் வீட்டுக்கு வந்ததும் பவளம் நேரே குசினிக்குப் போனாள். அந்த வருடங்களில் இலங்கையை விட்டு ஓடி வந்த தமிழருக்குப் பிக்குமார் என்றால் என்ன நினைவு வரும் என்பதை நான் இங்கே விளக்கத் தேவையில்லை. கோப்பை கழுவிக்கொண்டே கேட்டாள்.

"பிக்குமாருக்கோ? நான் சமைக்கிறதோ?"

"விருப்பமில்லையெண்டா விடு. ஜோனிட்டைச் சொல்லுறன்."

சனிக்கிழமை பார்த்தால் சமோவாக்காரர் கடையில் தேங்காய்ப்பால் டின்கள் வாங்கி வந்திருந்தாள். ஃபிஜிக்காரர் கடையிலிருந்து மஞ்சளும் கத்தரிக்காயும்.

"ஆர் எண்டாலும் பசிக்கிற வயிறுதானே" என்றாள். "சமைச்சாச் சரியாச் சமைக்க வேணும். சட்டி கவனம் என்ன, நீங்கள்தான் தூக்கிறது."

அதிலிருந்து அந்தச் சாப்பாடு அவளுக்கு ஒரு வைராக்கியம் ஆகிவிட்டது. நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

எங்களுக்குத் தன் வான் வண்டியைத் தந்து கூடவே வந்தவர் கணேசன். மதுரைப் பக்கத்து எஞ்சினியர், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காக எப்சமில் வாடகைக்கு இருந்தவர். நல்ல மனிதர், ஆனால் படித்தவர். (அது அவருடைய பிழை இல்லை.) மலையடிவாரத்தில் இறங்கியதும் பொதிகளைப் பிரித்தோம். சோறு கணேசனின் முதுகுப்பையில். கத்தரிக்காய்க் கறியும் பருப்பும் பவளத்தின் கையில். சொதிச் சட்டியை நான் எடுத்துக்கொண்டேன். தேங்காய்ப்பாலில் மஞ்சள் போட்டுச் செய்த தண்ணிக் குழம்பைத் தளம்பாமல் மலைக்குக் கொண்டுபோக எல்லாராலும் முடியாது. சால்வையைச் சுருட்டிச் சும்மாடு வைத்து, சட்டியைத் தலையில் ஏற்றினேன். ஜோன் அதைப் பார்த்துவிட்டுத் தன்னிடம் உபரியாக ஒரு முதுகுப்பை இருப்பதாகச் சொன்னார். நான் கேட்காத மாதிரி நடந்தேன்.

பாதி வழியில் வகுப்பின் வயதானவர்கள் இரண்டு பேருக்கு மூச்சு வாங்கியது. அவர்களை விட்டுவிட்டு ஜோனால் வர முடியாது. சாப்பாடு வைத்திருக்கும் நாங்கள் மூவரும் முன்னால் போவதென்று முடிவானது.

"கொஞ்சத் தூரத்தில் பாதை இரண்டாகப் பிரியும். தெற்குப் பாதையை எடுங்கள். அங்கே மரத்தில் ஒரு..." என்று ஜோன் தொடங்கினார்.

"தெற்கு போதும், ஜோன்" என்றேன்.

பாதை பிரிந்த இடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தேன். சட்டி தலையில் இருந்ததால் முழுவதும் அண்ணாந்து பார்க்க முடியவில்லை, கண்ணை மட்டும் உயர்த்தினேன். மாசி மாதத்து முற்பகல். எங்கள் ஊரில் அந்த நேரம் சூரியன் தெற்குப் பக்கம் சாய்ந்து நிற்கும். சூரியனைப் பார்த்து நடந்தால் தெற்கு. சின்னப்பிள்ளைக் கணக்கு.

"இஞ்சாலை" என்று இடப்பக்கப் பாதையைக் காட்டினேன்.

பவளம் நகரவில்லை. "கொஞ்சம் பொறுங்கோப்பா. எங்கட வீட்டிலை வடக்குப் பக்கக் கொடியிலைதானே உடுப்புக் காயுது? தெற்குச் சுவரிலை பாசியெல்லோ பிடிச்சிருக்கு. இந்த ஊரிலை வெயில் வேற பக்கத்தாலை வருது போல."

"உடுப்புக் காயுறதுக்கும் மலை ஏறுறதுக்கும் என்ன சம்பந்தம்?"

"எனக்குத் தெரியாது. சொன்னன், அவ்வளவுதான்."

நடுவர் தீர்ப்புக்காகக் கணேசனைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வானத்தை ஆராய்ந்தார்.

"எங்க ஊர்லயும் மாசில சூரியன் தெக்கதாண்ணே சாஞ்சிருக்கும். நீங்க சொல்றது கரெக்ட்டு."

இந்தியாவும் இலங்கையும் ஒரு விஷயத்தில் முழுமனதோடு ஒத்துப்போனது என் வாழ்நாளில் அன்று ஒருநாள்தான். ஒத்துப்போய் இருவருமாக நேர் வடக்கே நடந்தோம். பூமியின் இந்தப் பாதியில் சூரியன் வடக்குப் பக்கமாகத்தான் போகும் என்பது எனக்கும் தெரியாது, எஞ்சினியருக்கும் தோன்றவில்லை.

பாதை இறங்கிக்கொண்டே போனது. உச்சிக்குப் போகும் பாதை ஏன் இறங்குகிறது என்று பவளம் கேட்டாள். மலைப் பாதை என்றால் இறங்கித்தான் ஏறும் என்று விளக்கினேன். அது மேலும் இறங்கியது. கடைசியில் ஒரு ஓடைக் கரையில் போய், தன் வேலை முடிந்த மாதிரி நின்றுவிட்டது. நல்ல ஓடை. தெளிந்த தண்ணீர், சுற்றிவரப் பன்னச் செடிகள். அப்போது மேலே, எங்கள் முதுகுக்குப் பின்னால், மிகத் தூரத்தில் மணிச்சத்தம் கேட்டது.

"அண்ணே" என்றார் கணேசன், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி. "பன்னெண்டு ஆயிடுச்சு."

பவளம் அங்கேயே ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்தாள். என்னை ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ கறிப்பாத்திரத்தை மடியில் வைத்து அதன் மூடியைத் தடவிக்கொண்டிருந்தாள். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"விடியக் காலமை எழும்பிச் சமைச்சனான்" என்றாள் கடைசியில். "அதுகள் எங்களை நம்பி இருந்திருக்குங்கள். இண்டைக்கு எங்களாலை பட்டினி."

"கொண்டுபோவம். போய் மன்னிப்பாவது கேப்பம்."

திரும்பிப் பழைய பாதையால் போனால் இன்னும் நேரமாகும். மணிச்சத்தம் வந்த பக்கம் மலை நேரே ஏறியது. அந்தச் சரிவு முழுக்க மஞ்சள் பூப் பூக்கிற முட்புதர். நான் முன்னால் ஏறினேன். தொழிற்சாலைச் சப்பாத்தால் முட்களை மிதித்து வழி செய்தது நான்தான், இதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். கணேசனின் கால்சட்டை இரண்டு இடத்தில் கிழிந்தது. "வேணாம்ணே, பொறுமையாப் போங்கண்ணே" என்று கீழேயிருந்து சொல்லிக்கொண்டே வந்தார்.

உச்சிக்கு ஒரு பனை உயரம் இருக்கும்போது களிமண்ணில் என் கால் வழுக்கியது. ஒரு கையால் செடியைப் பிடித்தேன். மற்றக் கையால் சட்டியைப் பிடித்தேன். இரண்டையும் சரியாகப் பிடித்தேன், ஆனால் சட்டியை முக்கால்வாசி தலைகீழாகப் பிடித்துவிட்டேன். சொதி உச்சந்தலையில் தொடங்கி, மூக்கு வழியாக இறங்கி, புது வெள்ளைச் சட்டைக்குள் போய், இடுப்புப் பட்டியில் தேங்கி நின்றது. கறிவேப்பிலை ஒன்று காதில் நின்றது. (பவளம் சொல்லும்போது இரண்டு காதிலும் நிற்கும். அது பொய்.)

அந்தக் கோலத்தில் புதரை விலக்கிக்கொண்டு நான் வெளிப்பட்ட இடம் மடாலயத்தின் கழிப்பறைக்குப் பின்பக்கம்.

அங்கே வெயிலில் சிவந்த மொட்டைத் தலையோடு உயரமான ஒரு வெள்ளைக்காரத் துறவி இலை கூட்டிக்கொண்டிருந்தார். காவியுடுத்த அவர் ஒருபுறம், தலை முதல் இடுப்பு வரை மஞ்சளான நான் மறுபுறம். அவர் விளக்குமாற்றை மரத்தில் சாய்த்து வைத்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"குட் மோர்னிங்" என்றார்.

அப்போது கணேசனின் கடிகாரத்தில் ஒரு மணி.

"பாத்தீங்களே" என்றாள் பவளம். "நக்கலடிக்கினம்."

கட்டிடத்தைச் சுற்றி முன்பக்கம் போனோம். மூச்சு வாங்கிய வயதானவர்கள் உட்பட வகுப்பு முழுவதும் நிழலில் உட்கார்ந்து இளைப்பாறி முடித்திருந்தது. மற்ற மூன்று துறவிகளும் காலியான பாத்திரங்களை முன்னால் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். எங்களுக்காக மணியடித்துக் களைத்துப்போன ஜோன் ஓடி வந்தார். பவளம் அவரிடம் கைகூப்பி, "சொறி, சொறி, லேட்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"லேட் இல்லை" என்றார் ஜோன். "கோடை காலத்தில் இந்த நாட்டில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருக்கிறோம். அது அரசாங்கத்தின் மதியம். இவர்கள் பார்ப்பது சூரியனின் மதியம். இந்த ஊரில் சூரியன் அதற்கும் மேலே அரை மணி பிந்தித்தான் உச்சிக்கு வரும், ஆகவே இன்னும் நேரம் இருக்கிறது. இதைத்தான் வகுப்பில் சொல்ல வந்தேன். உங்கள் கணவர் புகையிலை பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்."

முற்றத்தில் ஒரு தடி நட்டிருந்தது. அதன் நிழல் இன்னும் குறுகி முடியவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு உடனே விளங்கியது. தோட்டத்தில் நான் பார்த்ததும் இதே நிழலைத்தான். காலையில் என்னை ஏமாற்றிய அதே சூரியன் இப்போது எனக்காகக் காத்து நின்றது. எனக்கு முன்பே தெரியும் என்று சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பவளம் என்னைப் பார்த்த பார்வையில் அந்த யோசனையைக் கைவிட்டேன்.

பெண்கள் கையிலிருந்து அவர்கள் நேராக வாங்குவதில்லையாம். மூத்தவரான அந்த வெள்ளைக்காரத் துறவி ஒரு துணியை விரித்து அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். பவளம் கத்தரிக்காய்க் கறியை அதன்மேல் வைத்தாள். பிறகு சோறு, பருப்பு. கடைசியாக நான் சட்டியின் அடியில் மிஞ்சிய ஒரு அகப்பைச் சொதியை அவருக்குக் கொடுத்தேன். அவர் சட்டியைப் பார்த்தார். என் சட்டையைப் பார்த்தார். கணேசனிடம் மெதுவாக ஏதோ கேட்டார்.

"என்னவாம்?"

கணேசன் இருமினார். "நீங்க உடுத்தியிருக்கிறதும் இதேதானான்னு கேக்கறார்ண்ணே."

பவளம் சிரித்தாள். நாட்டை விட்டு வந்த பிறகு அவள் அப்படி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். அவள் சிரித்ததும் மற்றவர்களும் சிரித்தார்கள். ஆகவே அந்தச் சிரிப்பைத் தொடக்கி வைத்ததும் ஒருவகையில் நான்தான்.

நால்வரும் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்கள். புறப்படும்போது மறுபடி வருவீர்களா என்று பெரியவர் கேட்டார்.

"ஓம்" என்றாள் பவளம். "ஆனா நாங்கள் ஜோனோட வாறம்."

பிறகு அவர் என்னிடம் வந்த வழியைக் காட்டச் சொன்னார். காட்டினேன். கீழே ஓடை இருப்பது அவர்களுக்குத் தெரியும், ஆனால் அந்தச் சரிவால் ஆள் ஏறலாம் என்று ஒருவரும் நினைத்திருக்கவில்லையாம். அடுத்த கோடைக்குள் நான் மிதித்த தடத்திலேயே வெட்டிப் படி கட்டிவிட்டார்கள். ஓடையிலிருந்து உச்சிக்கு இன்று எல்லாரும் போவது அந்தப் பாதையால்தான்.

வீட்டில் இந்தக் கதை ஓயவில்லை. மனுக்காவில் கடைத்தொகுதியிலிருந்து காரை எடுக்கும்போதெல்லாம், இங்கே பிறந்த என் மகள் பின் சீற்றிலிருந்து "அப்பா, வேர் இஸ் த சன்?" என்பாள். இப்போது அவளுடைய பிள்ளைகளும் கேட்கிறார்கள். சொதி வைக்கிற நாட்களில் எனக்குத் தலை துடைக்கத் துவாய் ஒன்று கொண்டுவந்து வைப்பார்கள். அதெல்லாம் பரவாயில்லை.

ஆனால் போன மாதம் அங்கே போனபோது பாதையின் அடியில் புதிதாக ஒரு பலகையைப் பார்த்தேன். பாதையைத் துறவிகளும் தொண்டர்களும் அமைத்தார்கள் என்று பொதுவாக எழுதியிருக்கிறது. இது சரியில்லை. அதில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: "இவ்வழியே முதலில் ஏறியவர் மங்கரே சிவபாதம், தலையில் சட்டியோடு."

பவளத்திடம் வாசித்துக் காட்டினேன். "நல்லாயிருக்கு" என்றாள். "'வழி தவறி' எண்டதையும் சேக்கச் சொல்லுங்கோ."

அதற்குப் பலகையில் இடம் இல்லை. நான் அளந்து பார்த்துவிட்டேன். என் பெயருக்கு மட்டும் இடம் இருக்கிறது. பொறுப்பானவர்கள் கவனிக்கவும்.