கறன்ற் வேண்டாத கோப்பி

கனடாவிலிருந்து வந்த பெட்டியைத் திறந்த பஞ்சலிங்கம் இரண்டடி பின்னால் வைத்தார். உள்ளே குண்டு இருக்கவில்லை. குண்டு என்றால் அவர் பயந்திருக்கமாட்டார். குண்டுகளோடு பழகிய மனிசன். உள்ளே இருந்தது ஒரு கோப்பி மிசின்.

கறுப்பு நிறம். ஒரு பொத்தான். கீழே ஒரு கண்ணாடிச் சாடி. மகள் ஆரணி அனுப்பியிருந்தாள்.

"பாத்தியளே," என்றாள் மனைவி பராசக்தி. "பொத்தானை அமத்தினால் சரி. இனி என்ன சாட்டுச் சொல்லப் போறியள்?"

சாட்டு என்று அவள் சொன்னதற்குக் காரணம் இருந்தது. ஆரணி ஸ்காபரோவில் தலைப்பிள்ளைக்கு வயிற்றோடு இருந்தாள். தலைப்பிள்ளைக்குத் தாய் பக்கத்தில் நிற்கவேண்டும். விசா வந்துவிட்டது. பஞ்சலிங்கம் ஒருநாளும் 'போகாதே' என்று சொல்லவில்லை. மனைவியிடம் அப்படிக் கெஞ்சுகிற பழக்கம் அவருடைய பரம்பரையிலேயே இல்லை. அவர் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான்: "நீ போனால் எனக்கு ஆர் கோப்பி போடுறது?"

கேட்கிறவர்களுக்கு அது சின்ன விசயம். பஞ்சலிங்கத்துக்கு அதுதான் கலியாணம். அவர் ஐஸ் ஆலையில் இரவு மெக்கானிக். பள்ளிக்கூடத்தில் படித்ததை விட பழைய மோட்டர்களைக் கழற்றிப் படித்ததுதான் கூடுதல். ஊர் எழும்பும்போது அவர் படுப்பார். ஊர் படுக்கும்போது சைக்கிளை எடுப்பார். புருசனும் பெண்சாதியும் ஒரே நேரத்தில் கண் முழித்திருப்பது விடியற்காலையில், குசினி வாசலில், ஒரு கோப்பை கோப்பி ஆறுகிற அளவு நேரம்தான். அந்த நேரத்துக்குள் பராசக்தி அவரை ஏசி முடிப்பாள். கிணற்று மோட்டர், ஒழுகுகிற ஓடு, செத்தவீட்டுக்குப் போகாமல் விட்டது, போன செத்தவீட்டில் நித்திரை தூங்கியது. அவர் கசப்புக் கோப்பியைக் குடித்து, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு கேட்டிருப்பார். அந்த ஏச்சு காதில் விழாவிட்டால் அவருக்கு நித்திரை வராது. இதை அவர் பராசக்திக்குச் சொன்னதில்லை. தனக்கே சொன்னதில்லை.

ஆகவே அவர் மிசினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உது அங்கத்தை கறன்றுக்குச் செய்தது. இஞ்சத்தை கறன்றுக்குச் செருகினால் புகைதான் வரும்."

"அதுக்கும் மருமோன் ஒரு பெட்டி வைச்சு அனுப்பியிருக்கிறார். கறன்றைக் குறைக்கிற பெட்டி."

மருமகன் நிருஷன் மீது பஞ்சலிங்கத்துக்கு இருந்த மரியாதை அந்த நிமிசமே குறைந்தது.

"சரி. கறன்ற் போனால்?"

"போனால் வரும்தானே."

"ஒரு காத்தடிச்சால் கொக்குவில் முழுக்க இருட்டு. வேலையாலை களைச்சு வாற மனுசன் கறன்ற் வருமட்டும் வாசலிலை குந்தியிருக்கிறதோ? நான் பொத்தானை நம்பிச் சீவிக்கிற ஆளில்லை. சண்டைக்காலத்திலை சைக்கிள் சில்லைச் சுத்தி, டைனமோவிலை றேடியோ போட்டுச் செய்தி கேட்ட ஆள்."

"அப்ப கறன்ற் வேண்டாத மிசின் இருந்தால் நான் போகலாமோ?"

"தாராளமாப் போ. ஆனால் ஒண்டு. பக்கத்திலை ஒருத்தரும் நிக்கப்படாது. தானாக் கொதிச்சு, தானா வடிச்சு, தானா அடுப்பையும் அடைச்சு நூர்க்கவேணும். நான் முகம் கழுவிப்போட்டு வரக் கோப்பி சுடச்சுட இருக்கவேணும்."

மதிலுக்கு அந்தப் பக்கம் செம்பரத்தைக்குத் தண்ணி விடுவதுபோல நின்ற ஜெபநேசன் தண்ணியை நிற்பாட்டினார். வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பக்கத்து வீட்டுக் கதையைப் பாதியில் விடுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

"உலகத்திலை உப்பிடி ஒரு மிசின் இல்லை அக்கா," என்றார்.

"இல்லைத்தான் தம்பி," பராசக்தி பெருமூச்சு விட்டாள். "செய்யவும் ஏலாது. உவராலையும் ஏலாது."

அந்த இடத்தில் பஞ்சலிங்கம் வாயை மூடிக்கொண்டு படுக்கப் போயிருக்கலாம். போயிருந்தால் இந்தக் கதை இல்லை.

"ஆராலை ஏலாது?" என்றார்.

"பஞ்சண்ணையாலையும் ஏலாதோ?" என்றார் ஜெபநேசன், மிகவும் கவலையாக.

"இந்த மாதம் முடியிறதுக்குள்ளை செய்து காட்டுறன். நீர் சாட்சி."

அன்று பகல் அவர் படுக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டிலில் சாமான் சேர்ந்தது. பழுதாய்ப் போன பிரசர் குக்கர் ஒன்று. பழைய பிரிட்ஜில் கழற்றிய செப்புக் குழாய். சிரட்டைக்கரி அடுப்பு. கோப்பித்தூளைக் கட்டித் தொங்கவிட வெள்ளைத் துணி. துணிக்குப் பராசக்தி தன்னுடைய புதுத் தலையணை உறையைக் கிழித்துக் கொடுத்தாள். அதிலேயே அவர் சந்தேகப்பட்டிருக்கவேண்டும்.

யோசனை சுலபம். குக்கருக்குள் தண்ணி கொதிக்கும். ஆவி போக வழியில்லாமல் தண்ணியைக் குழாயால் மேலே தள்ளும். மேலே போன தண்ணி தூளில் விழுந்து, வடிந்து, போத்தலுக்குள் இறங்கும். தண்ணி போய்க் குக்கர் பாரம் குறைந்ததும் தராசுத் தடி சாய்ந்து, தகர மூடி ஒன்று அடுப்பின் வாயை அடைக்கும். ஐஸ் ஆலைக் குழாய்களோடு வாழ்ந்தவருக்கு இது பெரிய வித்தை இல்லை.

முதல் தரம் மூடி பறந்தது. கோப்பி கூரையில் ஒட்டியது. கலண்டரில் இருந்த முருகனுக்கு அபிசேகமும் நடந்தது. ஏச்சு வரும் என்று பஞ்சலிங்கம் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு நின்றார். பராசக்தி துணியோடு வந்து முருகனைத் துடைத்தாள்.

"தண்ணி ஏறுற ஓட்டை காணாது போல," என்றாள். "கொஞ்சம் பெருப்பிச்சுப் பாருங்கோவன்."

ஏச்சு இல்லை. ஆலோசனை. அவர் கூரையை ஒருதரம், அவளை ஒருதரம் பார்த்தார்.

இரண்டாம் தரம், மூடியால் ஆவி கசியாமல், சைக்கிள் ரியூப்பை வெட்டி வாசராகப் போட்டார். கோப்பி வந்தது; தடிதான் சாயவில்லை. ஜெபநேசன் ஒரு வாய் குடித்து, கண்ணை மூடி யோசித்தார்.

"நல்ல கோப்பி அண்ணை. ஆனால் பின்சில்லு மணக்குது."

"முன்சில்லோ பின்சில்லோ எண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?"

"பின்சில்லுத்தானே பாரம் இழுக்கிறது. அந்த உழைப்புத் தெரியுது."

இதற்கிடையில் குசினியில் வறுவல் தொடங்கியது. மல்லி, மிளகு, சீரகம், சுக்கு எனப்படும் வேர்க்கொம்பு. வாசம் கொட்டிலுக்கு வந்து பஞ்சலிங்கத்தின் தோளில் கை போட்டது. அவருடைய கோப்பிக்கு மல்லியும் வேர்க்கொம்பும் கலந்து இடிப்பது வழக்கம்.

"என்ன வறுக்கிறாய்?"

"தூளுக்கு."

"இவ்வளவோ?"

"கன நாளைக்குக் காணவேணுமெல்லோ."

பஞ்சலிங்கத்தின் மனம் குளிர்ந்தது. இவ்வளவு தூள் வறுக்கிறவள் இந்த வீட்டில் கன நாள் இருக்கப்போகிறவள் என்று அவர் கணக்குப் போட்டார். மில்லுக்குத் தானே கொண்டுபோவதாகச் சொல்லி, பையைச் சைக்கிளில் கட்டினார். கோப்பிக்கொட்டை பிறகு சேர்ப்பாளாக்கும்.

மில்லில் நின்ற பிரவீணன் பையைத் திறந்து மணந்து பார்த்தான். பிறகு பஞ்சலிங்கத்தின் நரைத்த தலையைப் பார்த்தான்.

"ஆருக்கு அண்ணை?"

"வேறை ஆருக்கு, எங்கடை வீட்டுக்குத்தான்."

"இந்த வயசிலையோ?"

"ஏன், வயசு போனால் ஆசை இருக்கக்கூடாதோ? எனக்கு விடியக் காலமை வேலையாலை வந்த உடனை வேணும். அக்காவும் ஒருநாளும் மாட்டன் எண்டதில்லை."

பிரவீணன் அதற்குப் பிறகு தலை நிமிரவில்லை. அரைத்துக் கொடுத்தபோது, "அக்காவை வடிவாப் பாருங்கோ" என்று மட்டும் சொன்னான். மரியாதையான பொடியன் என்று பஞ்சலிங்கம் நினைத்துக்கொண்டார்.

மூன்றாம் தரம், ஒரு மத்தியானம், பராசக்தி கோயிலுக்குப் போயிருந்த நேரம், மிசின் வேலை செய்தது. தண்ணி ஏறியது. கோப்பி இறங்கியது. தடி சாய்ந்து, மூடி 'டக்' என்று அடுப்பை அடைத்தது. அவர் குடித்துப் பார்த்தார். கசப்பு அளவாக இருந்தது. கொட்டிலுக்குள் தனியே நின்று அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

மிசின் வேலை செய்தால் பராசக்தி போய்விடுவாள்.

மெக்கானிக் பஞ்சலிங்கம் ஊரைக் கூட்டிக் காட்டச் சொன்னார். புருசன் பஞ்சலிங்கம் உடைக்கச் சொன்னார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சண்டை பிடித்தார்கள். கடைசியில் ஒரு சமாதானம் வந்தது. காட்டுவது, ஆனால் காட்டும்போது பிழைக்கும். ரியூப் வாசரைக் கழற்றி எறிந்துவிட்டு, குக்கரோடு வந்த, வெடித்துப்போன பழைய வாசரைப் போட்டு மூடினார். ஆவி பக்கத்தால் போகும். தண்ணி ஏறாது. 'அருந்தப்பிலை, ஒரு மயிரிழையிலை பிழைச்சுப்போச்சு, அடுத்த வருசம் பாப்பம்' என்று சொல்லவேண்டியதுதான்.

சனிக்கிழமை பின்னேரம் ஜெபநேசனும் மனைவி பொன்மலரும் வந்தார்கள். பொன்மலர் பராசக்தியைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போய் ஏதோ குசுகுசுத்தாள். பராசக்தி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சத்தம் கேட்டது. ஜெபநேசன் பஞ்சலிங்கத்தின் முகத்தைப் பார்ப்பதும் வானத்தைப் பார்ப்பதுமாக இருந்தார்.

பஞ்சலிங்கம் கரியை மூட்டினார். தோற்ற முகத்தை முன்கூட்டியே எடுத்து மாட்டிக்கொண்டார். தண்ணி கொதிக்கத் தொடங்கியது. ஆவி பக்கத்தால் வரவில்லை. அவர் குனிந்து பார்த்தார். வரவேயில்லை. குழாய் ஒருதரம் செருமியது. மேலே தண்ணி ஏறி, தூளில் விழுந்து, கறுப்பாக வடியத் தொடங்கியது.

டக்.

பொன்மலர் கைதட்டினாள். ஜெபநேசன் குடித்தார். இந்த முறை கண்ணை மூடவில்லை.

"அண்ணை, இது கோப்பி. சில்லு மணமே இல்லை."

மூடியின் ஓரத்தில் சிவப்பாக ஒரு விளிம்பு தெரிந்தது. புத்தம் புது வாசர். பராசக்தி போன கிழமை வாங்கிய பிரசர் குக்கரின் வாசர். அவர் மனைவியைப் பார்த்தார்.

"பழசு வெடிச்சுப்போய்க் கிடந்தது," என்றாள் அவள். "ஆரோ மாறிப் போட்டிருக்கினம். நல்ல காலம், காலமை நான் கண்டது."

இப்போதும் ஒரு வழி இருந்தது. 'இது நான் செய்தது இல்லை, இவள் கை வைத்ததால்தான் வேலை செய்தது, ஆகவே செல்லாது' என்று சொல்லலாம். அவர் வாயைத் திறந்தார்.

"உண்மையாச் சொல்லுங்கோ அண்ணை," என்றார் ஜெபநேசன், "முழுக்க உங்கடை மூளைதானோ?"

"பின்னை ஆற்றை?" என்றது பஞ்சலிங்கத்தின் வாய்.

"அப்ப சரி," பராசக்தி உள்ளே போனாள். வரும்போது பெரிய சூட்கேசை உருட்டிக்கொண்டு வந்தாள். ஏற்கெனவே அடுக்கியது. மேலே, பொலித்தீன் பையில், அவர் மில்லுக்குக் கொண்டுபோய் அரைப்பித்த தூள்.

"கோப்பித் தூளை ஏன் கொண்டுபோறாய்?"

"இது பிள்ளைப்பெத்த சரக்கு, பிள்ளை பெத்தவளுக்குக் காய்ச்சிக் குடுக்கிறது, ஆரணிக்கு. உங்களுக்கு வாசம் தெரியேல்லையே? பிரவீணனுக்குத் தெரிஞ்சிருக்கு. பஞ்சண்ணை வீட்டிலை அக்காவுக்கு விசேசமாம் எண்டு கொக்குவில் முழுக்கக் கதை. இனி நான் இஞ்சை ஒழுங்கையிலை எப்பிடி நடக்கிறது? போகத்தானே வேணும்."

பொன்மலர் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். ஜெபநேசன் வானத்தை விட்டு இறங்கவேயில்லை.

அவர்கள் போனபிறகு பஞ்சலிங்கம் கேட்டார்.

"டிக்கற் எப்ப எடுத்தனி?"

"ஆரணி எடுத்தவள். உந்தக் கனடா மிசின் வாறதுக்கு முதலே. திகதியைத்தான் நான் ஒருக்கால் தள்ளிப் போட்டனான்."

"அப்ப ஏன் என்னைக் கொண்டு மிசின் செய்விச்சனி?"

"உங்களைச் சும்மா விட்டால் குசினி வாசலிலை குந்தியிருந்து மூஞ்சையைத் தூக்குவியள். பாத்துக்கொண்டு என்னெண்டு நான் பெட்டி அடுக்கிறது? ஒரு வேலையைக் குடுத்தால் நீங்கள் கொட்டிலுக்கை நிப்பியள். எனக்கும் ஆறுதல்."

பஞ்சலிங்கம் கொட்டிலுக்குப் போய் அடுப்புச் சாம்பலை அள்ளினார்.

பயணம் புறப்படுகிற விடியற்காலை அவர் வேலைக்கு லீவு போட்டிருந்தார். விமான நிலையத்துக்குப் போகிற வான் படலை வாசலில் வந்து நின்றது. மிசின் தன்பாட்டுக்குக் கொதித்து, தன்பாட்டுக்கு வடித்து, தன்பாட்டுக்கு அடுப்பை அடைத்தது. இரண்டு பேரும் குசினி வாசலில் நின்று குடித்தார்கள். பராசக்தி எதற்கும் ஏசவில்லை. கோப்பி கெதியாக முடிந்தது.

சூட்கேசை ஏற்றியாயிற்று. அவளும் ஏறி யன்னல் பக்கமாக இருந்தாள். வானின் கதவைப் பிடித்தபடி பஞ்சலிங்கம் நின்றார். சாரதி அவரைப் பார்த்தான். அவர் கதவை விடவில்லை. அவருடைய பரம்பரை முழுவதும் பின்னால் நின்று வேட்டியைப் பிடித்து இழுத்தது. ஆனாலும் சொன்னார்.

"போகாதையப்பா."

பராசக்தி திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை அவர் கன காலத்துக்குப் பிறகு கண்டார். ஏச்சு இல்லை. கேலியும் இல்லை. அவள் கையை நீட்டி, அவர் சேட்டுக் கொலரில் ஒட்டியிருந்த கரியைத் தட்டிவிட்டாள்.

"உதை அண்டைக்கே சொல்லியிருந்தால் இவ்வளவு மினக்கேடு இல்லையே," என்றாள்.

"சொல்லியிருந்தால் நிண்டிருப்பியே?"

"இல்லையப்பா. உந்தச் சொல்லைக் கேக்கவெண்டு மிசின் முடியுமட்டும் பாத்துக்கொண்டு இருந்திருக்கமாட்டன். போன மாதமே போயிருப்பன்."